சம்பளக்காரர்களின் காதல்

சங்கத்து மலரில் சங்க இலக்கியத்தைப் பற்றியோ, கம்பனையும் பாரதியையும் பற்றியோ எழுதுவதே முறை. திரைப்படத்தைப் பற்றி, அதிலும் இந்தித் திரைப்படத்தைப் பற்றி, அதிலும் காதலும் நகைச்சுவையும் கலந்த எளிய படங்களைப் பற்றி எழுத முற்படுவது பெரியவர்கள் சிலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவேன். ஆயினும், பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, மாதத்தின் முதல் நாளை எதிர்பார்த்து மற்ற நாள்களைக் கழிக்கும் நம் போன்றோரின் வாழ்வை யாரேனும் அன்போடு உற்றுப் பார்த்ததுண்டா என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சில இந்திப் படங்களே. பெரிய காவியங்களில் நமக்கு இடமில்லை. இச்சிறிய படங்களில் இருக்கிறது.

பாசு சட்டர்ஜியின் 'ரஜனிகந்தா' (1974), 'சோட்டி சி பாத்' (1976), 'பாத்தோன் பாத்தோன் மே' (1979), சாயி பராஞ்ஜ்பேயின் 'சஷ்மே பத்தூர்' (1981), 'கதா' (1983) ஆகியவை நான் கருதும் படங்கள். இவற்றின் நாயகர்கள் மலையிலிருந்து குதிப்பதில்லை, பேருந்துக்காக நிற்கிறார்கள். நாயகியர் அரண்மனையில் பிறந்தவர்கள் அல்லர். கைப்பையில் பயணச் சீட்டும் கைக்குட்டையும் வைத்துக்கொண்டு வேலைக்குச் செல்கிறவர்கள். வில்லன் என்று ஒருவன் வந்தால், அவன் கையில் துப்பாக்கி இராது. பெரும்பாலும் ஒரு ஸ்கூட்டர் இருக்கும். அது போதும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவனுக்கு ஸ்கூட்டர் வைத்திருப்பவனை விடப் பெரிய பகைவன் எவன்?

இப்படங்கள் இவ்வாறு அமைந்ததற்குப் பணமில்லாமையே முதற்காரணம் என்பது என் துணிபு. பட நிதிக் கழகம் என்ற அரசு நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டது. அது கொடுத்த கடனில் உருவானவைதாம் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', பாசு சட்டர்ஜியின் முதற்படமான 'சாரா ஆகாஷ்' ஆகிய இரண்டும். இரண்டும் 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பெரிய நட்சத்திரம் இல்லாமலும் அலங்கார அரங்கம் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்பதை அவை காட்டின. பின்னர்த் தனிமனிதர்கள் சிலர் துணிந்து பணம் போட்டார்கள். 'ரஜனிகந்தா'வைத் தயாரித்த சுரேஷ் ஜிந்தாலுக்கு அதுவே முதற்படம். பெரிய நிறுவனங்களும் இந்த வழியில் ஒரு காலை வைத்துப் பார்த்ததுண்டு; 'சோட்டி சி பாத்' படத்தின் தயாரிப்பாளர் பி.ஆர். சோப்ரா. ஆனால் அதுவும் குணத்தால் இக்குடும்பத்தையே சேர்ந்தது.

கையில் பணம் குறைவாயிருந்தால் இயக்குநர் என்ன செய்வார்? அரங்கம் போட முடியாது. ஆகவே உண்மையான தெருவுக்குச் செல்வார். நட்சத்திரத்தை அமர்த்த முடியாது. ஆகவே நம் அலுவலகத்தில் அடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் போன்ற முகத்தைத் தேடுவார். சண்டைக் காட்சிக்குச் செலவு அதிகம். ஆகவே சண்டை இல்லாமல் கதையை நகர்த்த வேண்டும். அப்போது மிஞ்சுவது என்ன? தாமதமாக வருதல், வந்த கடிதத்தைப் பிரிக்கத் தயங்குதல், உணவு விடுதியில் விலைப்பட்டியலின் வலப்பக்கத்தை முதலில் படித்தல், சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வீடு திரும்புதல் இவைதாம். நம் வாழ்வில் உண்மையாக நிகழ்பவையும் இவைதாமே! செலவைக் குறைக்கப் போய் வாழ்க்கையைக் கண்டெடுத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இதை எடுத்தவர்களும் நடித்தவர்களும் கூட நமக்கு அந்நியர் அல்லர். பாசு சட்டர்ஜி இயக்குநராவதற்கு முன் 'பிளிட்ஸ்' வார இதழில் பல ஆண்டுகள் கேலிச்சித்திரம் வரைந்தவர். ஆளை அடிக்காமல் கோட்டினாலேயே சிரிக்க வைக்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்திருக்க வேண்டும். அமோல் பாலேக்கர் நாடக மேடையில் இருந்துகொண்டே வங்கியில் வேலை பார்த்தவர். கோப்பைக் கையில் எடுக்கும் விதத்திலும், மேலதிகாரி அழைத்தவுடன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளும் விதத்திலும் அவரிடம் ஒரு பொய்யும் தெரியாது. எங்கள் பிரிவில் 20 ஆண்டுகளாக இதே அசைவுகளைப் பார்த்து வருகிறவன் என்ற தகுதியில் இதற்குச் சான்று கூறுகிறேன்.

'ரஜனிகந்தா'வின் கதை, தில்லியில் மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் பணிபுரிந்த மன்னு பண்டாரி எழுதிய சிறுகதை ஒன்றைத் தழுவியது. தீபா தில்லியில் ஆராய்ச்சி செய்யும் பெண். அவளை மணக்க இருக்கும் சஞ்சய் ஓர் அலுவலக ஊழியன். எப்போதும் நேரம் கழித்தே வருவான். வந்தால் பதவி உயர்வைப் பற்றியும் அலுவலகச் சச்சரவுகளைப் பற்றியுமே பேசுவான். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக அவள் பம்பாய் செல்லுகையில், பழைய காதலன் நவீனைச் சந்திக்கிறாள். அவன் வேளை தவறாதவன். அவளுக்காக ஓடியாடி உதவுகிறவன். அவள் மனம் ஊசலாடுகிறது. பம்பாயில் வாடகைக் காரில் அருகருகே அமர்ந்தும் பேசாமல் செல்லும் அந்தக் காட்சியின் பின்னணியில், சலீல் சௌத்ரியின் இசையில் முகேஷ் பாடியிருக்கிறார். அப்பாடலுக்குத் தேசிய விருதும் பெற்றார். தில்லி திரும்பியதும் நவீனின் கடிதம் வருகிறது. அதில் அவள் எதிர்பார்த்த சொல் இல்லை. அவ்வேளையில் சஞ்சய் கைநிறைய ரஜனிகந்தா மலர்களோடும் பதவி உயர்வுச் செய்தியோடும் வாசலில் வந்து நிற்கிறான். கதை முடிந்துவிடுகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் இறக்கவில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் அந்த வாசற்படியில் நின்று தீர்மானமாகிறது.

இப்படத்தை நான் பார்த்த சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டில் பணியாளர் தேர்வாணையத் தேர்வெழுதி, எல்.டி.சி.யாகத் தில்லி வந்து சேர்ந்தேன். 2006இல் திருமணம். கும்பகோணத்துக்கு அருகிலிருந்து வந்த என் மனைவிக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. முனீர்காவில் மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு சிறிய அறைகள். கோடையில் தகரக் கொட்டகை போலக் கொதிக்கும். குளிரில் தரையில் கால் வைக்க முடியாது. நான் அலுவலகம் சென்றபின் மாலை வரை அவளோடு பேசுவதற்கு ஒரு மனிதர் இல்லை. மாவு அரைக்கும் கடைக்காரரோடு சைகையில் பேசிப் பேசி அவளுக்கு அழுகை வந்துவிடும். ஆறு மாதத்தில், "ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்க என்னை அழைக்கிறார்கள். நான் போய் இருக்கட்டுமா? நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு மெல்ல வாருங்கள்," என்று கேட்டாள். மாற்றல் என்பது எத்தனை ஆண்டுக் கனவு என்பது இம்மலரைப் படிப்போர் பலருக்கும் தெரியும். அவள் கேட்டது பிரிவு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அச்சொல்லைச் சொல்லாமல் இருந்தோம்.

அக்காலத்தில்தான் கரோல் பாக் கடை ஒன்றில் பழைய இந்திப் படங்களின் குறுந்தகடுகளை வாங்கத் தொடங்கினேன். அவளுக்கு இந்தி கற்பிப்பதே நோக்கம். பெரிய படங்களின் வசனம் முழக்கமாகவும் அரபுச் சொற்கள் மிகுந்தும் இருக்கும். எனக்கே பாதி விளங்காது. இப்படங்களிலோ மனிதர்கள் பேசுகிற இந்தியைப் பேசினார்கள். "இந்த இருக்கையில் ஆள் இருக்கிறதா?", "இன்று ஏன் தாமதம்?", "காப்பி சாப்பிடலாமா?" இவற்றை விட ஒரு புதுக்குடித்தனக்காரிக்கு வேறு என்ன பாடம் வேண்டும்? ஞாயிறு மாலைகளில் நான் வரிக்கு வரி மொழிபெயர்க்க, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

'ரஜனிகந்தா'வில் சஞ்சய் முதன்முறை தாமதமாக வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் முறையும் பார்த்தாள். நிதியாண்டு முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த வாரம் முழுவதும் இரவு எட்டு மணிக்கு முன் வீடு திரும்பவில்லை. "இந்த ஆளுக்கு அந்தப் பம்பாய்க்காரனே மேல். அவனாவது சொன்ன நேரத்துக்கு வருகிறான்," என்றாள். படம் முடிந்தபின் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "நேரத்துக்கு வராவிட்டாலும் வராமல் இருந்துவிடவில்லை. பூவையும் மறக்கவில்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எனக்குக் குறிப்பு விளங்கிற்று. அடுத்த சம்பள நாளன்று ரஜனிகந்தா வாங்கத் தீர்மானித்தேன். அது நம் ஊர்ச் சம்பங்கிதான். இங்கே தொடுத்து விற்பதில்லை. நீண்ட தண்டோடு கட்டாக விற்கிறார்கள். ஆறு தண்டுகளை வாங்கி, நெரிசலான பேருந்தில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தவள் பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது சாமிக்கா, எனக்கா?" என்று கேட்டாள். நான் விடை தேடித் தடுமாறியதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். திருமணமாகி அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுவே முதல்முறை. மூன்று தண்டு சாமிக்குப் போயிற்று, மூன்று அவளுக்கு.

படம் பார்த்ததனால் அவள் ஊர் திரும்பாமல் நின்றுவிட்டாள் என்று எழுதினால் இக்கட்டுரையே திரைக்கதையாகிவிடும். அவள் நின்றதற்கு அவளுடைய மனத்திண்மையே காரணம். இந்தியைக் கற்றாள், இன்று இங்குள்ள பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறாள். ஆனால், வசதி வந்தபின் தொடங்கலாம் என்று நாங்கள் இருவரும் ஒத்தி வைத்திருந்த ஏதோ ஒன்றை, வசதி வருமுன்பே தொடங்கலாம் என்று அப்படங்கள் எங்களுக்குச் சொல்லின. அந்த அளவுக்கு அவற்றுக்கு நான் கடன்பட்டவன்.

'சோட்டி சி பாத்' படத்தில் ஓர் அழகிய உத்தி உண்டு. கூச்சமே உருவான அருண் என்ற அலுவலக ஊழியன், பேருந்து நிறுத்தத்தில் நாள்தோறும் காணும் பிரபாவிடம் பேசத் துணிவின்றித் தவிக்கிறான். ஸ்கூட்டரில் வரும் நாகேஷ் அவளை ஏற்றிச் சென்றுவிடுகிறான். அருண் ஒருநாள் திரையரங்கில் படம் பார்க்கிறான். அங்கே தர்மேந்திராவும் ஹேமமாலினியும் பாடி ஆடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவ்விருவர் மறைந்து, அவ்விடத்தில் அருணும் பிரபாவும் பாடுகிறார்கள். குரல் கொடுத்தவர்கள் யேசுதாசும் ஆஷா போஸ்லேயும். நட்சத்திரங்கள் விருந்தினராக வந்து போகிறார்கள். குமாஸ்தா திரையில் ஏறிக்கொள்கிறான். இவ்வகைப் படங்களின் கொள்கை முழுவதையும் அந்த ஒரு பாடலே கூறிவிடுகிறது.

'சஷ்மே பத்தூர்' நம் தில்லியின் படம். ஒரே வீட்டில் வாழும் மூன்று மாணவர்கள். அவர்களுக்குப் பொதுவாக ஒரு மோட்டார் சைக்கிள். வெற்றிலை பாக்குக் கடை லல்லன் மியானிடம் தீராத கடன். சலவைத் தூள் விற்பதற்காக வீடு வீடாக வரும் நேகா, துணியை வாளியில் நனைத்துச் செய்முறை காட்டுகிறாள். காதல் தொடங்குவது சோப்பு நுரையில்! தல்கத்தோரா தோட்டத்து உணவு விடுதியில் அவர்கள் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் ஓடுவது நம் தலைநகரின் பழைய காற்று. அகன்ற சாலைகளில் வண்டிகள் இல்லை, மரங்கள் இருக்கின்றன. நண்பர்கள் இருவர் தங்கள் பொய்க் காதல் வெற்றிகளைக் கற்பனை செய்து சொல்லும்போது, பெரிய படங்களின் பாடல்களை இப்படம் கேலி செய்கிறது. ஏழை, பணக்காரனின் ஆடம்பரத்தைப் பார்த்துப் பொறாமையின்றிச் சிரிப்பது போன்ற சிரிப்பு அது.

'கதா'வின் சிரிப்பு சற்று ஆழமானது. முயலும் ஆமையும் ஓடிய பழங்கதையை, பலகுடி வாழும் ஒரு நெருக்கமான குடியிருப்பில் வைத்துச் சொல்கிறார் சாயி பராஞ்ஜ்பே. ஆமை, ராஜாராம் என்ற எழுத்தர். முயல், பேச்சால் மயக்கும் பாஷு. அக்குடியிருப்புப் பெண் சந்தியாவின் மனத்தை முயல் கவர்ந்து, பிறகு கைவிட்டு ஓடிவிடுகிறது. அவள் நடந்ததை மறைக்காமல் சொல்ல, ராஜாராம் அவளை மணக்கிறான். ஆமை பந்தயத்தில் வென்றது என்று சொல்வதா? வென்ற மகிழ்ச்சி அவன் முகத்தில் இல்லை. அன்பு மட்டுமே இருக்கிறது. இந்தியில் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ஒரு குமாஸ்தாவின் பொறுமையை அசட்டுத்தனமாகக் காட்டாமல் அறமாகக் காட்டிய படம் என்பதனால் எனக்கு அந்த விருதில் சிறு பங்கு இருப்பதாகவே கருதிக்கொள்கிறேன்.

தமிழ் படித்தவனுக்கு இவற்றைப் பார்க்கையில் அகத்திணை நினைவுக்கு வராமற் போகாது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் வினைமேற் சென்றிருக்க, தலைவி காத்திருக்கிறாள். இப்படங்களில் வினை என்பது அலுவலகம். பாசறை என்பது கோப்புகள் குவிந்த மேசை. மாலை என்பது பேருந்து வராத ஆறு மணி. காத்திருத்தலைக் கவிதையாக்கியவர்கள் நம் முன்னோர். காத்திருத்தலைக் கண்டு இரங்கவும் சிரிக்கவும் செய்தவர்கள் இந்த இயக்குநர்கள். புறத்திணையின் போர்களை அவர்கள் வேறு படங்களுக்கு விட்டுவிட்டார்கள். 'ஷோலே' வெளிவந்தது 1975இல். அந்தத் துப்பாக்கி ஓசைக்கு முன்னும் பின்னும் இந்த மெல்லிய குரல்கள் கேட்டன என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

குறையே இல்லாதவை என்று நான் வாதிட வரவில்லை. 'சோட்டி சி பாத்' படத்தை என் மகளோடு சேர்ந்து பார்த்தபோது, பதினாறு வயதுப் பெண் முகம் சுருங்கி, "அப்பா, ஒருவன் இப்படி நாள்தோறும் பின்னாலேயே வந்தால் அந்தப் பெண்ணுக்குப் பயமாக இராதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து அதே கதையைச் சொன்னால் அது நகைச்சுவையாக இருக்குமா என்பது ஐயமே. அன்றைய அரங்கில் அக்கேள்வி எழவில்லை, இன்று எழுகிறது, எழத்தான் வேண்டும். சாயி பராஞ்ஜ்பேயின் படங்களில் பெண்ணுக்கென ஒரு மனமும் வேலையும் சொல்லும் இருப்பதை அவளே சுட்டிக்காட்டினாள். அன்றியும், இப்படங்களில் வருவோர் எல்லாரும் ஏதோ ஒரு வேலையோ, வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோ உடையவர்கள். அதற்கும் கீழே இருப்போரின் காதலுக்கு இங்கும் இடமில்லை. குறைந்த செலவு என்பதனாலேயே ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணம் இல்லாதபோது அன்பும் கவனமும் இருந்தாலன்றி, வெறுமையே திரையில் தெரியும்.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், புதுப்பிக்கப்பட்ட 'சஷ்மே பத்தூர்' மீண்டும் திரைக்கு வந்தது. அதே நாளில் அதன் புதிய வடிவமும் பெரும் ஆரவாரத்தோடு வெளியாயிற்று. நாங்கள் பழையதற்கே சென்றோம். அரங்கில் தலை நரைத்தவர்கள் பலர் இருந்தார்கள். தீப்தி நவல் சலவைத் தூளோடு கதவைத் தட்டியதும் எழுந்த சிரிப்பு, புதிய நகைச்சுவையைக் கேட்ட சிரிப்பு அன்று. பழைய அயல்வீட்டுப் பெண்ணை வாசலில் கண்ட சிரிப்பு. அவ்வாண்டின் இறுதியிலேயே ஃபாரூக் ஷேக் மறைந்தார். 2019இல் வித்யா சின்ஹாவும், 2020இல் பாசு சட்டர்ஜியும், 2021இல் மன்னு பண்டாரியும் மறைந்தார்கள். உறவினர் போய்விட்ட செய்தி போலவே அவை எங்கள் வீட்டில் பேசப்பட்டன.

இன்று திரைப்படம் எடுக்கக் கைப்பேசியே போதும் என்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே உலகப் படங்களைப் பார்க்கிறோம். இளைஞர் சிலர் மீண்டும் சிறிய அறைகளையும் சிறிய சம்பளங்களையும் வைத்துக் கதை சொல்ல முற்படுவதைக் காண்கிறேன். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மொழி தெரியாத ஊரில் ஒருவரையொருவர் மட்டுமே நம்பி வாழ்க்கையைத் தொடங்கிய ஆயிரமாயிரம் இணையர் இருக்கிறார்கள். காய்கறிக் கடையில் தவறான சொல்லைச் சொல்லி மாட்டிக்கொண்ட கதைகளும், ஒரே கம்பளியில் கழித்த முதற்குளிரின் கதைகளும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவற்றைத் திரையில் காட்டப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மாடிப்படி, உண்மையான இரண்டு முகங்கள் போதும்.

பெரிய காதலர்கள் உலகத்தைத் துறந்து காதலிக்கிறார்கள். சம்பளக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும். வருகைப் பதிவுக்கும் வாடகைக்கும் பால் கணக்குக்கும் நடுவில், கிடைத்த சிறு இடைவெளியில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்பதும் காதலே. அதைப் படமாக எடுக்கத் தகுந்தது என்று சிலர் எண்ணினார்கள். அவர்கள் எண்ணியதனால் நாங்களும் எங்களைப் பற்றிச் சற்று உயர்வாக எண்ணிக்கொண்டோம்.